பழைய ராணுவ டிரக்குக்கு வளையும் மட்கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1951 முதல் 1968 வரை வந்த டாட்ஜ் எம்37, 1967 முதல் 1969 வரை வந்த கைசர் ஜீப் எம்715, 1955 முதல் 1980 வரை வந்த யூனிமோக் 404 போன்ற வண்டிகளைக் கண்காட்சியில் நிறுத்தி வைக்காமல், பாறையிலும் சேற்றிலும் காட்டுப்பாதையிலும் ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. இரும்பு மட்கார்டுக்குப் பதிலாக, மோதினால் வளைந்துகொடுத்து மறுபடி நிமிரும் மட்கார்டை வீட்டுப் பட்டறையிலேயே செய்ய முடியும். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

இரும்பு மட்கார்டு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் மாற்றவே வேண்டாம். பாறைகளுக்கு நடுவே போகும்போதுதான் பிரச்சினை. ஒரு பக்கச் சக்கரம் மேலே ஏறி, வண்டி சாய்ந்து, மட்கார்டின் வெளி ஓரம் ஒரு மரத்திலோ பாறையிலோ போய் உட்காரும். இரும்புத் தகடு அங்கே மடங்கிவிட்டால் மடங்கியதுதான், தானாகத் திரும்பி வராது. அதைவிட மோசம், மடங்கிய ஓரம் டயர் பக்கம் திரும்பிக்கொள்வது. அந்த இடத்திலேயே டயரின் பக்கச்சுவரை அது கிழித்துவிடும். கூடவே, இந்த வண்டிகளின் அசல் மட்கார்டுகள் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. ஒவ்வொரு தடவை நசுங்கும்போதும் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு துண்டு போகிறது.

வளையும் மட்கார்டு ராணுவ வண்டிக்கு ஒட்டாது என்று நினைக்க வேண்டியதில்லை. டி-72 டாங்கியின் பக்கவாட்டில் தொங்கும் மறைப்பே துணி வைத்த ரப்பர்தான். இரும்பு நசுங்கும் இடத்தில் ரப்பர் பிழைக்கும் என்பது ராணுவத்துக்கு எப்போதோ தெரியும்.

அசல் மட்கார்டின் ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு, அதில் ரப்பர் ஒட்டினால் போதாதா?

தயவுசெய்து வேண்டாம். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்டவைப்பது பெரிய வேலை. அசல் மட்கார்டை முழுதாகக் கழற்றி எடுத்து வையுங்கள். அதே போல்ட் துளைகளில் உட்காரும்படி ஒரு புதிய இரும்புச் சட்டம் செய்து, அந்தச் சட்டத்தில் வளையும் தகட்டை மாட்டுங்கள். ஒரு மாலைப் பொழுதில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எந்த மாற்றத்தையும் இந்த வண்டிகளில் நான் செய்வதில்லை.

எந்தப் பொருளில் செய்வது?

நடைமுறையில் இரண்டே பொருள்கள்தான். ஒன்று, துணி அடுக்கு வைத்த கன்வேயர் பெல்ட் ரப்பர். மற்றொன்று, எச்டிபிஇ என்கிற அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் தகடு.

பெல்ட் ரப்பரின் பலம், அது எந்தப் பக்கம் மடங்கினாலும் தாங்கும் என்பது. கிழிசல் தொடங்கினாலும் உள்ளே இருக்கும் துணி அதை ஓரளவு பிடித்து நிறுத்தும். ஆனால் தனக்கென்று ஒரு வடிவம் அதற்குக் கிடையாது. தாங்கி இல்லாத இடத்தில் நாக்கு மாதிரி தொங்கிவிடும். எடையும் குறைவல்ல. 8 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 9 கிலோ வரும். 1.2 மி.மீ. இரும்புத் தகட்டின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். ரப்பர் போட்டால் வண்டி லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து இறங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெல்ட் வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பி ஓடாத, வெறும் துணி அடுக்கு உள்ளதாகப் பாருங்கள். கம்பி வைத்ததை வெட்டவும் முடியாது, வெட்டினால் ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டு கையையும் டயரையும் பதம் பார்க்கும்.

எச்டிபிஇ தண்ணீரைவிடச் சற்று லேசான பொருள். 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்குள் அடங்கும். தானாக வடிவம் பிடித்து நிற்கும், அடித்தால் வளைந்து திரும்பும். சேறு அதில் அவ்வளவாக ஒட்டாது என்பது பெரிய லாபம். மட்கார்டின் அடியில் அப்பிக் காய்ந்த சேற்றின் எடை, சில நேரம் மட்கார்டின் எடையையே தாண்டிவிடும். டீசலும் எண்ணெயும் பட்டால் எச்டிபிஇ பெரிதாகக் கவலைப்படாது. இயற்கை ரப்பரோ எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வெயிலுக்கு, கரிப்பொடி கலந்த கறுப்பு நிறத் தகட்டைத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைத் தகடு வெயிலில் கிடந்தால் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும்.

என் தேர்வு இரண்டையும் கலப்பது. உடலுக்கு எச்டிபிஇ. அது இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில், சுமார் 80 மி.மீ. அகலத்துக்குப் பெல்ட் ரப்பர் பட்டை. அந்தப் பட்டை கீல் மாதிரி வேலை செய்யும். மோதல் வரும்போது தகடு நடுவில் மடங்காது, கீலில் மடங்கும். எங்கே வளைய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதை முடிவு செய்யாவிட்டால் பாறை முடிவு செய்யும்.

ஃபைபர் கிளாஸ், ஏபிஎஸ், பாலிகார்பனேட் எல்லாம்?

ஃபைபர் கிளாஸ் அழகாக வடிவம் எடுக்கும், ஆனால் இந்த அளவுக்கு மடங்காது. நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் வலுவிழக்கும். பாலிகார்பனேட் அடி தாங்கும் என்றாலும், பெட்ரோலும் சில பசைகளும் பட்டால் இழுவை உள்ள இடங்களில் மயிரிழை விரிசல் விடும். டிரக்கின் அடிப்பகுதி அதற்கான இடமல்ல.

எத்தனை மி.மீ. தடிமன் வேண்டும்?

உள் ஓரம் மட்டும் பிடிக்கப்பட்டு, வெளி ஓரம் காற்றில் நிற்கும் அகலம் 200 மி.மீ. வரை என்றால் 6 மி.மீ. எச்டிபிஇ போதும். அதற்கு மேல் 8 அல்லது 10 மி.மீ., இல்லாவிட்டால் நடுவில் ஒரு தாங்கிக் கம்பி. தடிமன் கூடக் கூட விறைப்பு வெகு வேகமாகக் கூடும். இரண்டு மடங்கு தடிமன் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. பலமாக இருக்கட்டும் என்று 12 மி.மீ. போட்டவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது வளையாத மட்கார்டு. அப்புறம் அடி முழுவதும் போல்ட்டுக்கும் சட்டத்துக்கும்தான் போகும்.

அளவு எடுப்பது எப்படி?

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போது அளந்தால் அந்த அளவு எதற்கும் உதவாது. டயர் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்த பிறகுதான் மட்கார்டு எங்கே இருக்கலாம் என்று தெரியும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஒரு பக்கச் சக்கரத்தைச் சரிவான மேடையில் ஏற்றுங்கள், அல்லது ஒரு பக்க ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்குங்கள். ஆக்ஸில் மேலே போய், அதற்கு மேல் போகாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் வரை தூக்க வேண்டும். மறுமுனையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி என்று முழுக்கத் திருப்பி, டயரின் எந்த மூலை எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறக்கிவிட்டு மறுபக்கத்திலும் இதையே செய்யுங்கள். பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது. ஐம்பது அறுபது வருடச் சுமையில் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

டயர் உச்சிக்குப் போன நிலையிலும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். சேற்றுக்கோ பனிக்கோ சங்கிலி கட்டும் பழக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

வளைவின் நீளத்துக்குச் சின்னக் கணக்கு. எம்37, எம்715 இரண்டிலும் வரும் 9.00-16 டயரின் விட்டம் சுமார் 35 அங்குலம், ஆரம் சுமார் 445 மி.மீ. அதோடு 50 சேர்த்தால் மட்கார்டின் ஆரம் 495. சக்கரத்தைச் சுற்றி 120 டிகிரி மூட வேண்டும் என்றால் தகட்டின் நீளம் ஏறக்குறைய 1,040 மி.மீ. பெரிய டயர் போட்டிருந்தால் உங்கள் டயரை அளந்து இதையே போட்டுப் பாருங்கள்.

கணக்கு முடிந்ததும் நேராகத் தகட்டை வெட்டப் போகாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, மாதிரி வெட்டி, டேப் போட்டு வண்டியிலேயே மாட்டிப் பாருங்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா, பானெட் தூக்கும்போது இடிக்கிறதா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஓரம் தெரிகிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டை மாதிரிக்கு ஒரு நாள் முழுவதும் செலவழித்தாலும் அது வீண் இல்லை.

சேஸிஸில் மாட்டுவதா, கேபினில் மாட்டுவதா?

ஏதாவது ஒன்றில் மட்டும். கரடுமுரடான இடத்தில் இந்த வண்டிகளின் சேஸிஸ் முறுக்கும். யூனிமோக் 404 போன்ற வண்டிகளில் சேஸிஸ் முறுக்க வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். அப்போது கேபின் ஒரு திசையிலும் சேஸிஸ் ஒரு திசையிலும் போகும். மட்கார்டின் ஒரு முனையைக் கேபினிலும் மறுமுனையைச் சேஸிஸிலும் கட்டிவிட்டால், அந்த முறுக்கு முழுவதையும் உங்கள் மட்கார்டு வாங்கிக்கொள்ளும். தகடு வளைந்து தப்பிக்கும், ஆனால் அதைப் பிடிக்கும் வெல்டிங் விட்டுவிடும். அசல் மட்கார்டு எதில் பிடிக்கப்பட்டிருந்ததோ, அதிலேயே புதியதையும் பிடியுங்கள்.

எச்டிபிஇ தகட்டை எப்படி வெட்டுவது, வளைப்பது?

ஜிக்சாவில் பெரிய பல் பிளேடு போட்டு, மெதுவான வேகத்தில் வெட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெல்ட் ரப்பருக்குக் கூர்மையான கத்தியும் சோப்புத் தண்ணீரும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் நாலைந்து தடவை இழுத்தால் நேராக வரும்.

வெட்டில் உள்மூலை எதையும் கூராக விடாதீர்கள். முதலில் மூலையில் 10 மி.மீ. துளை போட்டு, பிறகு அந்தத் துளை வரை வெட்டுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். வெட்டு ஓரங்களையும் சுரண்டி மழுக்கிவிடுங்கள்.

500 மி.மீ. ஆரத்துக்கு 6 மி.மீ. தகட்டைச் சூடு செய்யவே வேண்டாம். கையால் வளைத்து மூன்று இடத்தில் பிடித்தால் போதும். நிமிரத் துடிக்கும் தகடு தாங்கிகளை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், அதனால் கடகடவென்று ஆடாது. நாளாக நாளாக அந்த இழுவை தானே தளர்ந்து, தகடு வளைவுக்குப் பழகிவிடும்.

வெளி ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு மடிப்பு வேண்டும் என்றால் சூடு தேவை. எச்டிபிஇ ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் உருகும். மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் ஹீட் கன்னை நிதானமாக ஓட்டி, தகடு தோல் மாதிரி தளர்ந்ததும் நேரான கட்டையில் மடித்து, முழுக்க ஆறும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடியுங்கள், ஆறியதும் சற்றுத் திரும்பி வரும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நெருப்புச் சுடர் வேண்டாம், அதில் மேல்தோல் கருகி உள்ளே விறைப்பாகவே இருக்கும்.

மடிப்பு போட்டதும் அந்த ஓரம் ஆங்கிள் இரும்பு மாதிரி விறைத்துவிடும். எனவே மடிப்பில் சுமார் 100 மி.மீ.க்கு ஒரு இடத்தில் வி வடிவ வெட்டு கொடுங்கள், முனையில் துளையோடு. மட்கார்டு வளையும் குணத்தை அந்த வெட்டுகள்தான் காப்பாற்றும்.

போல்ட் போடும் இடம் கிழிந்துவிடாதா?

சும்மா போல்ட்டும் சின்ன வாஷரும் போட்டால் கிழியும். தகட்டின் மேல் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டையை முழு நீளத்துக்கும் வைத்து, சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவே தகடு மாட்டிக்கொள்ளும்படி எம்8 (8 மி.மீ.) போல்ட்களால் இறுக்குங்கள். பட்டையின் ஓரங்களை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தகடு ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் அந்த ஓரம் கத்தியாக வேலை செய்யும். பெல்ட் ரப்பரில் துளையை ஓரத்திலிருந்து 30 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது வெப்ப விரிவு. ஒரு மீட்டர் எச்டிபிஇ தகடு 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். இரும்பு அதே சூட்டில் அரை மி.மீ.தான். ஒரே ஒரு துளையை மட்டும் போல்ட்டுக்குச் சரியாகப் போட்டு, மற்றதையெல்லாம் நீள்துளையாகப் போடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கமாகப் போட்டால் வெயில் நாளில் தகடு அலையலையாகப் புடைக்கும். நட்டுக்கு நைலான் வளையம் வைத்ததே நல்லது. அளவோடு இறுக்கினாலும் அது கழன்று வராது.

வெளி ஓரத் தாங்கிக் கம்பிகளை மட்டும் எம்6 நைலான் போல்ட்டால் மாட்டுங்கள். பெரிய அடி விழுந்தால் அந்த போல்ட் உடையும், கம்பி ஒதுங்கும், தகடு தப்பிக்கும். கருவிப்பெட்டியில் பத்து நைலான் போல்ட் கிடந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிடலாம். உடைந்த கம்பி டயருக்குள் போகாதபடி, ஒரு மெல்லிய இரும்புக் கயிற்றால் சட்டத்தோடு கட்டி வைப்பது அவசியம்.

கீழே எவ்வளவு நீளம் தொங்கவிடலாம்?

நினைப்பதைவிடக் குறைவாக. என் முதல் ஜோடியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் பெல்ட் ரப்பரை நீளமாக விட்டிருந்தேன், கேபின் படியில் சேறு தெறிக்கக்கூடாது என்று. முன்னால் போகும்வரை ஒரு குறையும் இல்லை. ஒரு பாறையிலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது டயர் ரப்பரின் நுனியைப் பாறையோடு சேர்த்துக் கவ்வியது. ரப்பர் கிழியவில்லை. அது அவ்வளவு பலமாக இருந்ததால் மேலே இருந்த சட்டத்தையே வளைத்துக் கீழே இழுத்துவிட்டது. இப்போது காட்டுக்குள் போகும்போது தொங்கும் பகுதியைச் சங்கிலி கொக்கியால் மேலே தூக்கி மாட்டிவிடுகிறேன், சாலைக்கு வந்ததும் இறக்கிவிடுகிறேன்.

விளக்குகள் மட்கார்டில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

விளக்கை வளையும் தகட்டில் மாட்டாதீர்கள். அதற்கென்று இரும்புச் சட்டத்திலேயே ஒரு தாங்கி செய்யுங்கள். ஆடும் தகட்டில் வைத்த விளக்கு இரவில் வழியைக் காட்டாது.

இன்னொன்று பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவரும். இந்த வண்டிகளில் பல விளக்குகளுக்கு எர்த் கிடைப்பது இரும்பு மட்கார்டின் வழியாகத்தான். பிளாஸ்டிக்கோ ரப்பரோ இடையில் வந்ததும் அந்த வழி அறுந்துவிடும். விளக்கு மங்கும், அல்லது எரியவே எரியாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுங்கள். எம்37, எம்715 இரண்டும் 24 வோல்ட் வண்டிகள், பல்ப் வாங்கும்போது நினைவிருக்கட்டும்.

சைலன்சர் குழாய் பக்கத்தில் போகிறதே?

எச்டிபிஇ உருகுவதற்கு வெகு முன்பே, 80 டிகிரியை நெருங்கும்போதே நன்றாகத் தளர்ந்துவிடும். குழாய் நெருங்கும் பக்கத்தில் மெல்லிய அலுமினியத் தகட்டை நடுவே மறைப்பாக வையுங்கள். மறைப்பின் இரண்டு பக்கமும் காற்று ஓட இடம் இருக்க வேண்டும். மட்கார்டோடு ஒட்டி வைத்தால் மறைப்பே சூடாகி அதைச் சுடும்.

ஆலிவ் பச்சை அடிக்கலாமா?

எச்டிபிஇயில் பெயிண்ட் ஒட்டாது. உரசிவிட்டு அடித்தாலும் முதல் வளைவிலேயே செதில் செதிலாக உரியும். கறுப்பாகவே விடுங்கள். டயரின் கறுப்போடு சேர்ந்து நிழல் மாதிரித் தெரியும், கண்ணை உறுத்தாது. இரும்புச் சட்டத்துக்கு மட்டும் வண்டியின் பச்சையை அடியுங்கள்.

மேலே ஏறி நின்று எஞ்சின் வேலை பார்க்கலாமா?

முடியாது. அசல் மட்கார்டில் ஏறி நிற்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். வளையும் மட்கார்டில் கால் வைத்தால் ஆள் கீழே. கூட வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாலையில் ஓட்ட அனுமதி உண்டா?

சக்கரம் எவ்வளவு மூடியிருக்க வேண்டும், வண்டியின் அகலம் எவ்வளவு வரை போகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தகட்டை வெட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிடுங்கள்.

கிழிந்தால் ஒட்ட முடியுமா?

எச்டிபிஇயைப் பசையால் ஒட்ட நினைக்காதீர்கள். விரிசலின் முனையில் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு மேல்தோலைச் சுரண்டி, அதே பொருளில் வெட்டிய குச்சியை ஹீட் கன்னால் உருக்கி வெல்டிங் செய்யலாம். காட்டுக்குள் என்றால் விரிசலின் இரு பக்கமும் துளை போட்டு, கம்பியால் தைத்துவிட்டு வீடு வந்து சேருங்கள்.

கழற்றிய அசல் மட்கார்டை எப்படி வைப்பது?

முதலில் அடியில் இருக்கும் சேற்றை முழுக்கக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். மடிப்புகளுக்கு உள்ளேதான் துரு பிடிக்கும், அங்கே எண்ணெயோ மெழுகோ பாய்ச்சுங்கள். தரையில் படுக்கவைத்து மேலே சாமான் அடுக்காமல், சுவரில் இரண்டு ஆணியில் தொங்கவிடுங்கள். அதன் போல்ட்களை ஒரு துணிப்பையில் போட்டு, எந்தப் பக்கம் என்று எழுதி, அதே மட்கார்டில் கட்டிவையுங்கள்.